மூன்று கட்டை இறக்கி

தொலைபேசியில் பொற்கொடியிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் 'சார்' என்றுதான் தொடங்குவார்கள். காந்திபுரத்தில் நூறடி ரோட்டை ஒட்டிய ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் பதினெட்டு வருடமாக டெக்னீஷியன். "சார், என்ர சுகர் ரிப்போர்ட் ரெடியாங்க சார்?" என்று அந்தப் பக்கம் கேட்கும். "ரெடிங்க. பன்னெண்டு மணிக்கு மேல வந்து வாங்கிக்குங்க" என்பாள். நேரில் வந்து, "போன்ல ஒரு சார் பேசுனாருங்களே, அவரு எங்கீங்க?" என்று தேடுகிறவர்களிடம், "டீ குடிக்கப் போயிருக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கவரை எடுத்து நீட்டுவாள். ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

அம்மா வழியில் வந்த குரல் அது. அம்மா மாசாணியம்மாள் கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவள். தோப்பின் இந்த மூலையில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் அந்த மூலையில் தேங்காய் தானாக விழும் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசுவார்கள். தோப்புக்கு அந்தக் குரல் தோதுப்பட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தோதுப்படவில்லை. ஆறாம் வகுப்பில் காலை வணக்கப் பாட்டுக்கு நிறுத்திய பிள்ளைகளில் பொற்கொடியும் ஒருத்தி. இரண்டாம் நாள், பாட்டு டீச்சர் ஒவ்வொருவர் பக்கத்திலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றார். "நீ வாயை மட்டும் அசை கண்ணு. சத்தம் வேண்டாம்" என்றார். அதட்டிச் சொல்லியிருந்தால் நாலு நாளில் மறந்திருப்பாள். டீச்சர் அன்பாகச் சொன்னதால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருடம் அவள் ஒரு வரி பாடவில்லை. மகள் அன்புக்கரசியைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டியதும் கணவன் கௌதமன்தான். அவன் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவன். சுருதி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் பாடுவான். குழந்தை அதற்கும் தூங்கியது.

அவர்கள் குடியிருந்தது சுந்தராபுரத்தில். அதே தெருவில் நாலாவது வீடு யாஸ்மினுடையது. முன்னறையில் தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். மிஷின் ஓடுகிற நேரமெல்லாம் அவள் வாயும் ஓடும். ஒன்று பாட்டு, இல்லாவிட்டால் பேச்சு. பாட்டில் அவளுக்கு நல்ல சாரீரம். மெலிசாக, நூல் பிசிறாமல் மேலே ஏறும். பொற்கொடி வேலை முடிந்து வரும்போது அந்த வாசலில் கால்மணி நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அப்படி வளர்ந்த சிநேகிதம்.

ஒரு நாள் யாஸ்மின் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "பீளமேட்டுல ஒருத்தரு ஊட்டு மாடியில, ஞாயித்துக்கெழமை ஆனா எல்லாரும் கூடிக் கரோக்கி பாடுறாங்களாமா. எனக்குப் போகோணும்னு ஆசையா இருக்குது. ஒத்தையில போறதுக்குத்தான் ஒரு மாதிரியா இருக்குது. நீ சும்மா கூட வந்து உக்காந்திரு புள்ள."

"நான் வந்து என்ன பண்ணட்டும்?"

"கை தட்டு."

கை தட்டத்தான் பொற்கொடி போனாள்.

வீட்டுக்காரர் பெயர் பாலகோபால். மில்களுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு, அந்த உற்சாகத்தை எல்லாம் பாட்டில் இறக்கியிருந்தார். மாடி அறையில் சுவர் மாதிரி இரண்டு ஸ்பீக்கர், இரண்டு மைக், பாட்டு வரிகள் ஓடுவதற்குப் பெரிய டிவி. யார் வந்தாலும் "வாங்க அம்மணி, வாங்க" என்று வாசலுக்கே வந்து கூட்டிப் போவார். யார் எப்படிப் பாடினாலும் எல்லோரும் கை தட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். பாடி முடித்தபின் எந்த இடத்தில் தாளம் நழுவியது என்று அவர் எடுத்துச் சொல்லுவது இன்னொரு சட்டம். அவர் மனைவி அம்புஜம் எல்லோருக்கும் காபி கொடுப்பார். ஒரு மணிக்குக் கூட்டம் கலையும்போது நெய் விட்ட அரிசிம்பருப்புச் சாதம் போடாமல் யாரையும் படி இறங்க விடமாட்டார்.

வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் ஆண்கள் பாலகோபாலும், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சென்னிமலையும் மட்டும்தான். ஜோடிப் பாட்டு என்றால் இந்த இரண்டு பேரையே எல்லாப் பெண்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாரமும் யாராவது பொற்கொடியிடம், "நீங்க ஒண்ணு பாடுங்களேன்" என்பார்கள். "நான் கேக்கத்தானுங்க வந்தேன்" என்று அவள் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து உட்காருவாள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

வைகாசியில் நல்ல முகூர்த்தம் ஒன்று வந்த ஞாயிற்றுக்கிழமை, சென்னிமலை சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பாலகோபாலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, பேசுவதே கோழி கொக்கரிக்கிற மாதிரி இருந்தது. யாஸ்மின் அந்த வாரம் முழுவதும் ஒரு ஜோடிப் பாட்டைப் பழகிக்கொண்டு வந்திருந்தாள். ஆள் இல்லை என்று தெரிந்தும் விட மனசில்லாமல், "என்ர வரியை மட்டும் நான் பாடிக்கிறேனுங்க" என்று சொல்லிப் பாட்டைப் போடச் சொன்னாள்.

திரையில் பெண் வரி சிவப்பிலும் ஆண் வரி நீலத்திலும் வரும். யாஸ்மின் தன் வரியை அழகாகப் பாடி நிறுத்தினாள். நீல வரி வந்தது. பாட ஆளில்லாமல், எழுத்து மட்டும் இடமிருந்து வலமாக நிறம் மாறிக்கொண்டே போய் மறைந்தது. இன்னொரு சிவப்பு வரி, இன்னொரு நீல வரி. வாசலில் நின்று கூப்பிட்டும் யாரும் கதவைத் திறக்காத மாதிரி யாஸ்மினின் முகம் ஆகிக்கொண்டு வந்தது. இரண்டாவது மைக் பொற்கொடியின் பக்கத்தில் சோபாவின் மேல்தான் கிடந்தது. அதை எப்போது கையில் எடுத்தோம் என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. மூன்றாவது நீல வரி வந்தபோது அவள் பாடினாள்.

முதலில் எல்லோரும் வாசலைத்தான் பார்த்தார்கள், சென்னிமலை வந்துவிட்டாரோ என்று. அப்புறம்தான் சோபாவின் பக்கம் திரும்பினார்கள். பொற்கொடி யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று பயம். நீல எழுத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் குரல் அடியில் கனமாக ஓடியது. அதன் மேல் யாஸ்மினின் குரல் ஏறி நடந்தது. கடைசிச் சரணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பாடும் இடம் வந்தபோது யாஸ்மின் பாடிக்கொண்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் பாலகோபால் கொக்கரிக்கும் குரலிலேயே கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இத்தனை நாளா இதை எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

பொற்கொடி தண்ணீர் கேட்டாள்.

அதற்கப்புறம் அவள் நாட்கள் வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தன. காலை ஏழு நாற்பது டவுன் பஸ்ஸில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உக்கடம் வரைக்கும் ஆண் வரி, உக்கடத்திலிருந்து காந்திபுரம் வரைக்கும் திரும்பவும் அதே வரி. நிலையத்தில் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றித் தெளிய வைக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. பத்து நிமிடம் ஒரே சுருதியில் ரீங்காரம் போடும். பொற்கொடி அதை ஓடவிட்டு, அந்த ரீங்காரத்தோடு சேர்ந்து மெல்ல முனகிப் பழகினாள். கூட வேலை பார்க்கும் ஹர்ஷிணி, "அக்கா, மிஷின்ல ஏதோ சத்தம் மாறி வருதுங்க்கா, கம்பெனிக்காரனைக் கூப்பிடட்டுங்களா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள். வீட்டில் அன்புக்கரசி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, பாத்ரூம்ல நீ பாடுறதைக் கேட்டுப்போட்டு எதிர்வீட்டு அக்கா, உங்க மாமா ஊர்ல இருந்து வந்திருக்காரான்னு கேக்குறாங்க" என்றாள். ஆனால் சமையலறை அலமாரியில் பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியதும் அவள்தான். கௌதமன், கல்லூரிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெற்று பஸ்ஸோடு திரும்பும்போது போனில் பாடச் சொல்லிக் கேட்பான். பாட்டில் அவனுக்கு நல்லது கெட்டது தெரியாது என்பதால் அவன் பாராட்டுக்கு மதிப்பில்லை. ஆனால் சுகமாக இருந்தது.

புரட்டாசி போய் ஐப்பசி போய், மார்கழியும் போனது. பாலகோபால் வீட்டுக் கூட்டத்தில் பொற்கொடிதான் இப்போது ஆண் குரல். பெண்கள் அவளை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொண்டார்கள். "என்ர வயித்துல பாலை வார்த்தீங்க" என்று சென்னிமலை நிம்மதியாகத் தனிப் பாட்டுப் பாடப் போய்விட்டார். இருந்தாலும் யாஸ்மினோடு பாடும்போது வருகிற சுகம் மற்றவர்களோடு வரவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் மூச்சு விடுகிற இடம்கூட ஒன்றாகிவிட்டது.

தை மாதத்தில், ஊரில் உள்ள கரோக்கிக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து காந்திபுரத்தில் ஒரு மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். யாஸ்மின் செய்தியைக் கொண்டு வந்தபோது அவள் கண் மினுங்கியது. பெயர் கொடுப்பது, பாட்டை அனுப்புவது எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இரண்டு பேருக்கும் மயில் கழுத்து நிறத்தில் ஒரே மாதிரி பிளவுஸ் தைத்தாள். பொற்கொடியின் பிளவுஸில் கை ஓரத்துக்கு மட்டும் மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தாள். "மேடையில கையைத் தூக்கிப் பாடுவ, அப்ப இழுக்கக் கூடாதல்ல" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாஸ்மினின் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் போனார்கள். மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கும். பாலகோபாலும் அம்புஜமும் சென்னிமலையும் நாலாவது வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜோடிப் பாட்டுப் பிரிவு காலையிலேயே நடந்து முடிந்தது. நம்முடைய பெயர் வரவில்லையே என்று பொற்கொடி கேட்டபோது, "நம்முளது மத்தியானம்" என்று யாஸ்மின் சொன்னாள். சொல்லும்போது பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அவர்களைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி மைக்கைக் கையில் வாங்கும்போது அறிவிப்பாளர் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்: "அடுத்து நம்ம பல்சுவைப் பிரிவுல, வயிறு வலிக்கச் சிரிக்க எல்லாரும் ரெடியாங்களா? அப்படியே ஆம்பளை குரல்ல பாடி அசத்தப் போறாங்க ஒரு அக்கா!"

பொற்கொடி திரும்பி யாஸ்மினைப் பார்த்தாள். யாஸ்மின் மேடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இசை தொடங்கிவிட்டது. யாஸ்மினின் வரி முடிந்தது. பொற்கொடி பழக்கத்தில் தன் வரியை எடுத்தாள்.

சிரிப்பு குபீரென்று கிளம்பியது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பின்னாலிருந்து விசில் வந்தது. அவர்கள் மேல் தப்பும் இல்லை. சிரிக்கச் சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வரியையும் பாடினாள். சிரிப்பு கூடியது. மூன்றாவது வரி வரும்போது பொற்கொடி சவுண்டு பெட்டிக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"சித்த நிறுத்துங்க."

இசை நின்றது. மண்டபத்தில் அங்கங்கே சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். பதினெட்டு வருடமாக ஊசியைப் பார்த்து மிரளும் ஆட்களை உட்காரவைத்துப் பழகியவள். பொறுமை நிறைய உண்டு.

"ஏனுங்க, எல்லாருக்கும் வணக்கமுங்க. இது காமெடின்னு யாரோ தப்பாச் சொல்லிப்போட்டாங்க. நான் ஆம்பளை மாதிரிப் பேசிக் காட்டுறதுக்கு வரலீங்க. இது என்ர குரலுங்க. பொறந்ததுல இருந்தே இதுதானுங்க. எங்கம்மாளுக்கும் இதே குரல்தான். பாட்டு நல்லாருந்தாக் கை தட்டுங்க. நல்லால்லீன்னாச் சும்மா உக்காந்திருங்க. சிரிப்பு வருதுங்கிறவங்களுக்கு வெளிய காபி வெச்சிருக்காங்க, போயிக் குடிச்சுப்போட்டு அஞ்சு நிமிசம் கழிச்சு வாங்க. ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

பெட்டிக்காரரிடம் திரும்பி, "மொதல்ல இருந்து போடுங்க தம்பி" என்றாள்.

யாரும் எழுந்து போகவில்லை. யாஸ்மினின் குரல் முதல் சரணம் முழுக்க நடுங்கியது. பொற்கொடியின் குரல் நடுங்கவில்லை. யாஸ்மின் தடுமாறிய இடங்களில் இவள்தான் தாங்கிக்கொண்டு போனாள். கோபத்தில் இருந்தாலும் பாட்டை விட முடியவில்லை. முடிந்தபோது பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தொடையில் தட்டிச் சிரித்தவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது வரிசையில் அம்புஜம் மட்டும் எழுந்து நின்று தட்டினார்.

பரிசு வரைக்கும் பொற்கொடி இருக்கவில்லை. மண்டபத்து வாசலில் யாஸ்மின் ஓடி வந்து மறித்தாள்.

"ஜோடின்னா ஒரு ஆணு ஒரு பொண்ணு இருக்கோணும், அதுதான் ரூலுன்னு போன்ல சொல்லிப்போட்டாங்க. பல்சுவையில வேணும்னாச் சேத்துக்கிறோம்னாங்க. நான் சரின்னுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட."

"மாட்டேன். வாரதும் வராததும் நான்தான முடிவு பண்ணோணும்?"

"இருவது வருசமா மிஷினுக்கு முன்னால பாடிட்டிருக்கிறேன் பொற்கொடி. ஒரு தடவை மேடையில பாடோணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமே தோணல எனக்கு."

அது பொய்யில்லை என்று பொற்கொடிக்குத் தெரியும். அதனாலேயே மனசு இன்னும் பொக்கென்று வாடிப் போனது. "பத்திரமா வண்டி ஓட்டீட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, எதிரில் நின்றிருந்த டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

பதினைந்து நாள் பேச்சில்லை. சாயங்காலம் அந்த வாசலைத் தாண்டும்போது பொற்கொடி நடையைக் கூட்டிப் போவாள். உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். பாட்டு மட்டும் கேட்காது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து துணி மடித்தாள். அன்புக்கரசி அலமாரியில் ஒட்டிய வரிகளை எடுக்கவில்லை. கௌதமன்தான் ஒரு தடவை, "யாஸ்மின் பண்ணுனது தப்புத்தான். ஆனா அவ வரலீன்னா நீ பாடியே இருக்க மாட்ட. அதையும் கணக்குல வெச்சுக்க" என்றான். "பஸ்ஸை மட்டும் ஓட்டு நீ" என்றாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்புஜம் போன் செய்தார். அவர் போன் செய்வது அதுதான் முதல் தடவை.

"அம்மணி, நீங்க வராததுனால எங்க ஊட்டுக்காரரே எல்லாருக்கும் ஜோடி பாடுறாருங்க. இன்னைக்கு ஒம்பது பாட்டு. பக்கத்து ஊட்டுக்காரங்க ஊரைக் காலி பண்ணீட்டுப் போயிருவாங்களாட்ட இருக்குது. எங்களுக்காக இல்லீன்னாலும் அவங்களுக்காக வாங்க."

பொற்கொடிக்கு அன்றுதான் சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, நிலையத்தில் ஏழாவது டோக்கனைக் கூப்பிட்டதும் யாஸ்மின் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வெறும் வயிற்றோடு வந்த முகம் வாடிக் கிடந்தது. ஹர்ஷிணி ஊசியோடு வந்தபோது, "நீ வேண்டாம் கண்ணு. அந்த அக்காவே எடுக்கட்டும்" என்றாள். பொற்கொடி வந்து அவள் கையைத் திருப்பி வைத்து, மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"குத்துறதுக்கு நல்ல சமயம் உனக்கு" என்றாள் யாஸ்மின்.

"கையை மூடு."

"நான் பண்ணுனது தப்புத்தான்."

"இறுக்கி மூடு. நரம்பு தெரியல."

"எம்மேல கோவமா இருந்தா நாலு திட்டாவது திட்டிப்போடு. பேசாம போகாத புள்ள. அந்த வாசல்ல நீ நிக்காம எனக்கு ஒரு பாட்டும் வர மாட்டேங்குது."

ஊசி இறங்கியது. யாஸ்மின் கண்ணை மூடிக்கொண்டாள். குழாயில் ரத்தம் ஏறி முடிந்ததும் ஊசி வெளியே வந்தது. பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்ட பின்னும் பொற்கொடி அந்தக் கையை விடவில்லை.

"வலிச்சுதா?"

"இல்ல. உன்ர கை எப்பவும் வலிக்காது." யாஸ்மின் மடக்காத கையால் பையிலிருந்து போனை எடுத்தாள். "இதைக் கொஞ்சம் கேளு."

பொற்கொடி வாங்கிக் காதில் வைத்தாள். இசை மட்டும் வந்தது. ஒரு பழைய பாட்டு. தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருத்தி, மழை வரும் நேரத்தில் தங்கையை நினைத்துப் பாடுவது. யாஸ்மின் மிஷினில் பாடும்போது பொற்கொடி வாசலில் நின்று திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு. ஆனால் இதில் ஏதோ வேறாக இருந்தது. இசை தரையோடு வந்து, கைக்கு எட்டுகிற உயரத்தில் நின்றது.

"எந்தம்பி ஆஸிம் கல்யாண வீடியோவுக்கெல்லாம் பாட்டுச் சேக்குறானல்ல, அவனைப் புடிச்சுச் சுருதியை மூணு கட்டை எறக்கச் சொன்னேன். மொதல்ல எறக்குனதுல வயலின் எல்லாம் வண்டு சத்தமாட்டக் கேட்டுச்சு. நாலு நாள் அவன் உசுரை வாங்கிச் சரி பண்ண வெச்சேன்." யாஸ்மின் பஞ்சை அழுத்திக்கொண்டே தொடர்ந்தாள். "மேடையில நீ, இது என்ர குரல்னு சொன்னியே, அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவங்க உன்னைக் காமெடியில வெச்சாங்க. நான் மட்டும் என்ன பண்ணுனேன்? ஆம்பளை கெடைக்காததுனால அந்த எடத்துல உன்னை வெச்சிருந்தேன். ஒரு பொம்பளை பாட்டு நீ பாடுவியான்னு ஒரு நாள் கேட்டனா? பாட்டை எறக்குனா ஆச்சு. இத்தனை நாளா ஒருத்தருக்கும் அது தோணல பாரு."

பொற்கொடி போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளியே எட்டாவது டோக்கன்காரர் எட்டிப் பார்த்தார்.

"வெறும் வயித்தோட இருக்குற. போயி ரெண்டு இட்லி சாப்பிடு" என்றாள். "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் எடுக்கோணும். இங்கயே வா. போன் எங்கிட்ட இருக்கட்டும்."

அந்த இரண்டு மணி நேரத்தில் பொற்கொடி பாட்டை ஆறு தடவை கேட்டாள். ஏழாவது தடவை ரீங்கார இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வாய்விட்டுப் பாடியபோது ஹர்ஷிணி கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலகோபால் வீட்டு மாடியில் கூட்டம் நிறைந்திருந்தது. கௌதமனும் அன்புக்கரசியும்கூட வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பொற்கொடி நடுவில் வந்து நின்றாள். இரண்டாவது மைக்கை எடுக்க யாஸ்மின் எழுந்திருக்கவில்லை என்பதைப் பார்த்த சென்னிமலை, "அட, ஒத்தையிலயா?" என்றார்.

திரை முழுவதும் சிவப்பு எழுத்தாக வந்தது.

முதல் வரியை அவள் கொஞ்சம் சீக்கிரமாகவே எடுத்துவிட்டாள். நிறுத்திச் சிரித்துவிட்டு, அடுத்த சுற்றில் சரியாகப் பிடித்தாள். ஆண் வரியைப் பாடும்போது அவள் எப்போதும் யாருக்காகவோ பாடிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவன் தன் காதலியிடம் சொல்வதை எடுத்துச் சொல்கிற மாதிரி. இந்தப் பாட்டில் அப்படி நடுவில் ஆள் யாரும் இல்லை. அக்கா பேசினாள். மழை வருவதற்கு முன் துணி எடுக்க ஓடும் பெண், அடுப்படியில் நின்று திடீரென்று தங்கையை நினைத்துக்கொள்ளும் பெண். கனத்த குரலில் அந்த அக்காவுக்கு வயது கூடியிருந்தது. வாழ்ந்து பார்த்தவளாக இருந்தாள். மேலே ஏறும் ஒரு இடத்தில் பொற்கொடியின் குரல் லேசாகக் கரகரத்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. யாஸ்மின் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடவே தாளமும் போட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்து கைதட்டல் அடங்கியதும் பாலகோபால் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்லாருந்துச்சுங்க அம்மணி. அந்த ரெண்டாவது சரணத்துல மட்டும் தாளம் ஒரு…"

"நீங்க சும்மா இருங்க" என்றார் அம்புஜம்.

அவர் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். அறுபத்தைந்து வயதில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற கூச்சம் அவரிடம் இருந்தது. "அந்தப் பாட்டை இன்னொருக்காப் போடுவீங்களா? அதே மாதிரி எறக்குனதையே போடுங்க. எனக்கு மேல எட்டாதுங்க. அதனாலதான் நான் இந்தப் பக்கமே வாரதில்லை."

யாஸ்மின் எழுந்து போய்ப் பாட்டை முதலிலிருந்து வைத்தாள். பொற்கொடி மைக்கை அம்புஜத்தின் கையில் கொடுத்து, எந்த எழுத்தில் நிறம் மாறும்போது தொடங்க வேண்டும் என்று திரையில் விரல் வைத்துக் காட்டினாள்.